சமூகவியல் மாணவர் எங்கு நின்று பார்க்கிறார்? பஞ்சமி நில ஆய்வுக்கு ஒரு குறிப்பு

செவ்வாப்பேட்டையிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் மின்தொடர் வண்டியில் சென்னைக்குச் சென்று சமூகவியல் பயிலும் மாணவர்களுக்குச் சாதி ஒரு பாட அலகாக வகுப்பறையில் வந்து சேர்கிறது. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் நிலத்திலிருந்து செல்லும் அவர்களுக்கு அந்த அலகு எதைச் சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதே நமது கேள்வி.

1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் கருத்தரங்கில் அண்ணல் அம்பேத்கர் சாதியின் தோற்றம் குறித்த தமது கட்டுரையை வாசித்தார். அகமணமே சாதியின் அடிப்படை என்று அவர் நிறுவினார். ஆனால் விடுதலைக்குப் பின் வளர்ந்த கள ஆய்வு மரபு பெரும்பாலும் ஊரின் பக்கமிருந்தே கிராமத்தைப் பார்த்தது. தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றை ‘ஸ்ரீபுரம்’ என்ற புனைபெயரில் ஆய்ந்து 1965இல் நூலாக்கிய ஆந்த்ரே பெத்தேய், அக்கிரகாரத்தில் தங்கியிருந்தார். அதனால் ஆதிதிராவிடர் குடியிருப்புக்குத் தடையின்றிச் சென்றுவர முடியவில்லை என்பதை அவரே பதிவு செய்துள்ளார். ஆய்வாளர் தங்கும் தெருவே அவருக்குக் கிடைக்கும் தரவைத் தீர்மானிக்கிறது.

சேரியின் பக்கமிருந்து தொடங்க நம் மாவட்டத்திலேயே ஓர் ஆவணத் தடம் உண்டு. 1997இல் தனி மாவட்டமாகும் வரை திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சியராகப் பணியாற்றிய டிரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். குடியிருக்கும் மனைகூடத் தமதில்லாததால் மிராசுதாரர் வெளியேற்றிவிடுவார் என்ற அச்சத்தில் மக்கள் வாழ்ந்ததையும், தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தால் மிராசுதாரருக்கே முன்னுரிமை கிடைத்ததையும் அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. 1892 செப்டம்பர் 30 நாளிட்ட அரசாணை 1010 இதன் தொடர்ச்சியே. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கென ஒதுக்கப்பட்ட அந்நிலங்களையே பஞ்சமி நிலம் என்கிறோம்.

இந்நிலங்கள் நிபந்தனையுடன் வழங்கப்பட்டன. முதல் 10 ஆண்டுகளுக்கு அவற்றை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு இழப்பீடின்றி நிலத்தை மீட்கலாம். இருந்தும் ஏராளமான நிலம் பிறர் கைகளுக்குச் சென்றது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோர் உயிரிழந்தனர்.

முதுகலை ஆய்வேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான களம் வேறில்லை என்று கருதுகிறோம். முதலில், 1979இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய கிராம ‘அ’ பதிவேட்டில் ‘டி.சி.’ என்ற குறிப்புள்ள புல எண்களைத் திரட்டுங்கள். அடுத்து, அவற்றை இன்றைய பட்டா, அடங்கலோடு ஒப்பிடுங்கள். பின்னர், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்று, நிலம் எந்த ஆண்டில் எவ்வகைப் பத்திரத்தால் கைமாறியது என்று வரிசைப்படுத்துங்கள். பதிவேடு தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி விண்ணப்பியுங்கள். 30 நாட்களுக்குள் பதிலளிப்பது அலுவலரின் கடமை.

காகிதம் கைமாற்றத்தைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. கடனா, மிரட்டலா, வெற்றுத்தாளில் வைத்த கைநாட்டா என்பதைச் சேரியின் முதியவர்களே, குறிப்பாகப் பெண்களே, சொல்ல முடியும். தொழிற்பேட்டைகளும் வீட்டுமனைப் பிரிவுகளும் நிலவிலையை உயர்த்திவரும் இப்பகுதியில் அந்த நினைவுகளைத் தாமதமின்றிப் பதிவு செய்ய வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தைச் சட்டவிரோதமாக ஆக்கிரமிப்பதும், அவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989இன் பிரிவு 3இன்கீழ்க் குற்றங்கள். எனவே மாணவர் திரட்டும் தரவு நாளை வழக்கின் சான்றாகலாம். தகவல் தந்தவர் பழிவாங்கலுக்கு ஆளாகவும் கூடும். மக்களின் இசைவின்றிப் பெயரையோ புல எண்ணையோ வெளியிடாதீர்கள். ஆய்வேட்டின் ஒரு படியைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும்போது, மற்றொரு படியைத் தமிழில் அந்தச் சேரி மக்களிடம் கொடுங்கள். மனு எழுத அவர்களுக்கு அது தேவைப்படும்.