செக்ரோலில் பெயர் நின்ற பிறகு

மலேசியாவின் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களின் வரலாற்றில் நோய் என்றால் மலேரியாவும் கொக்கிப்புழுவும். சாவு என்றால் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதை. ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. அப்படி நடக்காமல் இல்லை. கணக்கு வைத்த இடத்தில் நடக்கவில்லை, அவ்வளவுதான். தோட்ட நிர்வாகத்துக்குப் பெண் என்பவள் பால்மரம் வெட்டும் கை, பிள்ளை பெறும் வயிறு. 1920களின் இறுதியில் போக்குவரத்து எளிதான மாவட்டங்களில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பேறுகாலப் பணம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸரின் மருந்து எல்லாம் செக்ரோல் என்ற வேலையாள் பட்டியலில் பெயர் இருக்கும் வரைதான். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் 60 நாள் பேறுகால விடுப்பை உறுதி செய்தது, நல்லதுதான். ஆனால் வேலை நின்றால் லயம் எனப்பட்ட தொழிலாளர் குடியிருப்பில் இருந்த வீடும் போய்விடும். எலும்புத் தேய்வோ மாதவிடாய் நின்ற பிறகு வேகம் பிடித்து, பத்து இருபது வருடம் கழித்து முறிவாக வெளிப்படுவது. அதற்குள் அந்த அம்மா ரந்தாவிலோ லாபுவிலோ இருந்த தோட்டத்தை விட்டுச் செனவாங் நகரில் மகன் வீட்டுக்குப் போயிருப்பார். டிரெஸ்ஸரின் நோட்டுப் புத்தகத்தில் அந்த முறிவு எப்படி ஏறும்?

உழைத்த உடம்புக்கு எலும்பு தேயுமா என்று கேட்பவர்கள் உண்டு. பாரம் தாங்கும் எலும்பு கெட்டிப்படும் என்பது உண்மை. காண்டா என்ற தோள்கம்பில் இரண்டு வாளி ரப்பர் பாலைத் தொங்கவிட்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தவர்களுக்கு அந்த நன்மை கிடைத்திருக்கும். ஆனால் கட்ட ஆள் இருந்தால் போதுமா, கல்லும் சுண்ணாம்பும் வேண்டாமா? பால் வெட்டுக்காரி விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, கணவரின் பழைய முழுக்கைச் சட்டையும் தலைத்துணியுமாக, கித்தா (ரப்பர்) மர நிழலிலேயே பொழுதைக் கழித்தவர். கறுத்த தோலில் வைட்டமின் டி ஊற வெயில் கூடுதலாகவே வேண்டும். வெளிக்காட்டில் புல் வெட்டியவர்களுக்கு வெயிலுக்குக் குறைவில்லை. அவர்களுக்குக் குறைந்தது கூலி. லயத்துக்குப் பின்னால் மாடு கட்டியவர்கள்கூடப் பாலைப் பெரும்பாலும் விற்றுக் காசாக்கினார்கள். அடுத்தடுத்த பிள்ளைப்பேறு, இரத்தச் சோகை, எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதை உண்ணும் வழக்கம் ஆகியவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் காலத்தை. தோட்டத்து ஆண்கள் ஆயிரக்கணக்கில் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். லயத்தில் மிஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். கிழங்கு வயிற்றை நிரப்பும்; அதில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சொற்பம். வாழ்நாளுக்கான எலும்பு வளமோ பெரும்பாலும் இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுவது. அப்போது பத்து வயதாக இருந்த சிறுமிக்கு 1980களில் மாதவிடாய் நின்றது. அவர் இழக்கத் தொடங்கியது ஏற்கெனவே குறைவாகச் சேர்ந்த முதலிலிருந்து. நெகிரி செம்பிலான் லயங்களில் அன்று யாரும் எலும்பை அளக்கவில்லை, ஆகவே இது என் ஊகமே. ஆனால் 1996–97இல் மலேசிய மருத்துவமனைகளில் ஐம்பது வயதைத் தாண்டியோரின் இடுப்பெலும்பு முறிவுகளை ஆராய்ந்தபோது சீனரிடமும் இந்தியரிடமும் விகிதம் மலாய்க்காரரைவிடத் தெளிவாகவே கூடுதலாக இருந்தது. அது பரம்பரை வாகாக இருக்கலாமே என்றால், இருக்கலாம். சீனரில் பலர் பட்டணவாசிகள் என்பதால் தோட்டத்தை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. உழைப்பு இந்தியப் பெண்களைக் காப்பாற்றிவிட்டது என்று மட்டும் இனி யாரும் சொல்ல வேண்டாம்.

பெண்ணைக் கையாகவும் வயிறாகவும் மட்டும் எண்ணிய அந்தப் பழைய கணக்குமுறை எச்.ஐ.வி. விஷயத்தில் மறுபடி தலைகாட்டுகிறது. மலேசியாவில் முதல் தொற்று 1986இல் பதிவானது. தொடக்க ஆண்டுகளில் ஊசி வழிப் போதை எடுத்த ஆண்களே பெரும்பாலோர், பின்னால் அவர்களின் மனைவியரும் சேர்ந்தார்கள். 1998இல் அரசு கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை தொடங்கியது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்ததாக 2018இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் இங்கும் பெண் கண்ணில் பட்டது பெரும்பாலும் வயிற்றில் பிள்ளையோடு வந்தபோதுதான். 1970 வாக்கில் பிறந்து 1990களில் தொற்றுக்கு ஆளாகி, மருந்தின் தயவில் உயிரோடு இருப்பவருக்கு 2020 வாக்கில் மாதவிடாய் நின்றிருக்கும். கிருமியும் அது மூட்டும் ஓயாத அழற்சியும் எலும்பை அரிக்கின்றன. மருந்து தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில் அடர்த்தி 2 முதல் 6 விழுக்காடு வரை குறைகிறது; டெனோஃபோவிர் டைசோபுராக்சில் என்ற எச்.ஐ.வி. மருந்து சேர்ந்த கூட்டில் இன்னும் சற்று அதிகம். அதன்மேல் ஈஸ்ட்ரோஜன் வற்றுவதும் சேர்கிறது. இவர் தோட்டத்தில் வளர்ந்தவராக இருந்தால், கிழங்கு தின்று பிழைத்த ஒரு தாயின் சமையலில் வளர்ந்தவராகவும் இருக்கக்கூடும்.

இப்படிப்பட்ட பெண்கள் எத்தனை பேர், இவர்களுக்காகத் தனி ஏற்பாடா என்று செலவுக் கணக்குப் பார்ப்பவர்கள் கேட்கலாம். தனி ஏற்பாடு ஏதும் தேவையில்லை. கிருமி எண்ணிக்கை பார்க்க எப்படியும் வருகிறவர். மாதவிடாய் நின்ற வயதையும் முன்பு ஏற்பட்ட முறிவையும் அன்றே கேட்டுவிடலாம், எலும்பு அடர்த்திப் படத்துக்கு அனுப்பலாம். அடர்த்தி குறைவு என்று தெரிந்தால் டெனோஃபோவிரை மாற்றிக் கொடுக்க வழி உண்டு. எலும்புத் தேய்வுக்கான அலென்ட்ரோனேட் எச்.ஐ.வி. உள்ளவர்களிடமும் வேலை செய்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்காமலே விட்டால் அவரும் விழுந்த பிறகு எலும்பு முறிவு வார்டில்தான் பதிவாவார், அதுவும் வெறும் முறிவாக.