முத்துமீனாட்சிக்குப் பெயர் இருந்தது

எங்கள் வீட்டில் குழந்தைகள் எல்லாரும் அவளை மொட்டைப் பாட்டி என்றுதான் கூப்பிட்டோம். என் தாத்தாவின் அக்கா அவள். கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் தாமிரபரணிக் கரையில் ஒரு அக்ரகாரம். மாதம் ஒருமுறை நாவிதர் கொல்லை வாசல் வழியாக வருவார். எங்களை வாசல் பக்கம் விரட்டிவிடுவார்கள். நாங்கள் திரும்பி வரும்போது பாட்டி கிணற்றடியில் தலையோடு குளித்து முடித்து, நார்மடித் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு அடுக்களைக்குள் போயிருப்பாள். ஏழு வயதில் கல்யாணம். ஒன்பது வயதில், 1909-இல், மாப்பிள்ளைப் பையன் காலராவில் போய்விட்டான். வயதுக்கு வந்ததும் தலையை மழித்தார்கள். கைம்பெண்ணாக 66 வருஷம் இருந்தாள்.

கைம்பெண் மறுமணத்தைச் செல்லுபடியாக்கும் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. பாட்டி கைம்பெண்ணானபோது அதற்கு 53 வயது. அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவைப் பிற்பாடு படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மறுமணம் செய்துகொள்பவளுக்கு முதல் கணவன் சொத்தில் இருந்த உரிமையும் ஜீவனாம்சமும் அவள் செத்துப்போனால் எப்படி அற்றுப்போகுமோ அப்படியே அற்றுப்போகும் என்கிறது அது. எங்கள் பாட்டிக்குப் புகுந்த வீட்டிலிருந்து வருஷத்துக்கு இரண்டு கோட்டை நெல் வந்துகொண்டிருந்தது. அவளுக்குச் சொந்தம் என்று சொல்ல இருந்தது அந்த நெல் ஒன்றுதான்.

சட்டம் ஏட்டில் கிடந்த அந்தக் காலத்தில்தான் தமிழில் நாவல் பிறந்தது. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வந்தது. அதில் ஞானாம்பாள் ஆண் வேஷம் போட்டு ஒரு நாட்டையே ஆளுகிறாள். பெண்ணுக்கு அறிவு உண்டு, ஆளவும் தெரியும் என்று காட்ட மாயூரத்து முன்சீப்புக்கு வேஷமும் அரசாட்சியும் தேவைப்பட்டன. அவளைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் எங்கள் கூடத்தில் யாரும் அவளைப் பார்த்ததில்லை.

கூடத்திலிருந்தே ஒருத்தியை எழுப்பிப் பேச வைத்தவர் அ. மாதவையா. 1872-இல் எங்கள் ஜில்லாவில், பெருங்குளத்தில் பிறந்தவர். உப்பு, ஆப்காரி இலாகாவில் அதிகாரி. அவருக்கே 15 வயதில், 11 வயதுப் பெண்ணோடு கல்யாணம் நடந்தது. எதைப் பற்றி எழுதினாரோ அதற்குள்ளேயே வாழ்ந்தவர். 1892-இல் 'விவேக சிந்தாமணி' மாத இதழில் 'சாவித்திரி சரித்திரம்' என்று ஒரு தொடர்கதை தொடங்கினார். அது பாதியில் நின்றது. பதினோரு வருஷம் கழித்து, 1903-இல், 'முத்துமீனாட்சி' என்ற பெயரில் புத்தகமாக வந்தது.

நாவலின் பலம் அது சொல்லப்படும் விதத்தில் இருக்கிறது. முத்துமீனாட்சியே தன் கதையைச் சொல்கிறாள். குழந்தைக் கல்யாணம், மாமியார் வீட்டுக் கொடுமை, கைம்மை, கடைசியில் மறுமணம் எல்லாம் 'நான்', 'எனக்கு', 'என்னை' என்றே வருகின்றன. சீர்திருத்தக்காரர்கள் மேடையில் 'நம் விதவைகள்' என்று பேசிய காலம் அது. வீட்டிலோ 'அவளைக் கூப்பிடு', 'அவ பார்த்துப்பா' என்பதோடு சரி. நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது எதிரே வந்துவிட்டால் அதுகூட இல்லை. மாதவையாவின் எழுத்தில் பிரசங்க வாடை இருக்கிறது, மறைக்க மாட்டேன். சில பக்கங்களில் அந்தப் பெண்ணைத் தள்ளிவிட்டு அவரே பேசுகிறார். ஆனாலும் தலை மழித்தவளுக்கு ஒரு பார்வை உண்டு, கோபம் உண்டு, அவள் மற்றவர்களை எடைபோடுகிறாள் என்பதை அந்தக் கூடத்து மனிதர்கள் அச்சில் படிக்கும்படி செய்தவர் அவர்.

1915-இல் ஆங்கிலத்தில் 'கிளாரிந்தா' எழுதினார். அதன் நாயகி நிஜமாக வாழ்ந்தவள். தஞ்சாவூர்ப் பிராமணக் கைம்பெண்; ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்து, 1778-இல் பாளையங்கோட்டையில் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்றாள். அவள் கட்டிய சிறிய கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. திருநெல்வேலியில் படித்த காலத்தில் அந்தத் தெரு வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன், அவள் யார் என்று தெரியாமலே.

பாரதியின் 'சந்திரிகையின் கதை' வேறு ரகம். பொதிகை மலையடிவாரத்து ஊரில், சாகும் தறுவாயில் இருக்கும் கோமதி தன் நாத்தனார் விசாலாட்சியிடம் பச்சைக் குழந்தையை ஒப்படைக்கிறாள். விசாலாட்சி கைம்பெண். நீ மறுமணம் செய்துகொள் என்றும் கோமதி சொல்லிவிட்டுப் போகிறாள். ஒரு பெண்ணே இன்னொருத்தியிடம் சொல்கிறாள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. விசாலாட்சி உதவி தேடிப் போகும் இடங்களில் ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரேசலிங்கம் பந்துலுவும் தங்கள் சொந்தப் பெயரிலேயே நடமாடுகிறார்கள். வீரேசலிங்கம் 1881-இல் ராஜமுந்திரியில் கைம்பெண் மணம் நடத்திவைத்தவர். சுப்பிரமணிய ஐயர் கைம்பெண்ணான தம் மகளுக்கு 1889-இல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தவர். கதைக்குள் ஒரு பெண்ணை அனுப்பினால் அவளுக்குக் கதவைத் திறக்க நிஜமான மனிதர்கள் இருந்தார்கள் என்று பாரதி காட்டினார். முடிப்பதற்குள் 1921-இல் போய்விட்டார்.

தலை மழிப்பதை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு கல்கி 'கேதாரியின் தாயார்' எழுதினார். பெற்ற தாயை அந்தக் கோலத்தில் மகன் பார்க்கிறான். அம்மாவை அப்படிப் பார்த்துப் பழகிப்போன ஆண்களை அந்தக் கதை உலுக்கியது என்றே நம்புகிறேன்.

இவர்கள் எல்லாரும் ஆண்கள். அவர்களுக்கு வெகுகாலம் முன்பே செங்கோட்டையில் ஆவுடையக்காள் என்ற குழந்தைக் கைம்பெண் வேதாந்தப் பாடல்கள் பாடினாள். தீட்டு, மடி, சாதி எல்லாவற்றையும் கேள்வி கேட்டவள் அவள். எங்கள் பக்கத்து நார்மடிப் பாட்டிகளுக்கு அவள் பாட்டுகள் வாய்மொழியாகத் தெரியும். மொட்டைப் பாட்டியும் வடாம் பிழியும்போது முணுமுணுப்பாள். நாங்கள் அதை வெறும் பாட்டு என்று நினைத்திருந்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் தொழுவத்தில் சாணி அள்ள வந்தவள் புருஷன் செத்த மறுவருஷம் வேறொருவனைக் கட்டிக்கொண்டாள். உழைக்கும் சாதிகள் பலவற்றில் அறுத்துக் கட்டுவது சாதாரண வழக்கம். அதையே சொல்லி அவர்களைத் தாழ்வாகப் பேசினார்கள். 'அறுத்துக் கட்டுகிற சாதி' என்பது வசவு. மேலே ஏற நினைத்த சாதிகள் முதலில் கைவிட்டது அந்த வழக்கத்தைத்தான். அக்ரகாரத்துக் கைம்பெண்ணின் துயரை எழுதிய நாவலாசிரியர்கள், கொல்லைப் படலுக்கு அந்தப் பக்கம் இதற்கு ஒரு விடை சாதாரணமாக நடமாடிக்கொண்டிருந்ததைப் போதுமான அளவு பார்க்கவில்லை. இது பெரிய குறை.

1972-இல் கல்லூரி நூலகத்திலிருந்து அட்டை கிழிந்த 'முத்துமீனாட்சி' ஒன்றை எடுத்து வந்தேன். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் ரேழியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். அவள் கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். மாமியார் வரும் இடங்களில் முறம் நின்றுவிடும். நாலு மத்தியானங்களில் முடித்தோம். மறுமணம் நடந்து கதை முடிந்ததும் ஒரு நாடகத்தனமான அழுகையை நான் எதிர்பார்த்திருந்தேன். பாட்டி அரிசியைப் படியில் அள்ளிக்கொண்டே கேட்டாள்:

"அப்போ அவளுக்கு ஜீவனாம்ச நெல் போயிருக்குமேடி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தச் சட்டப் பிரிவை நான் தேடிப் படித்தது இந்தக் கேள்விக்குப் பிறகுதான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள்.

"புஸ்தகத்துக்கு அவ பேரையேவா வச்சிருக்கா?"

"ஆமாம் பாட்டி."

"என் பேர் தெரியுமோ நோக்கு?"

பதினேழு வயது எனக்கு. பிறந்ததிலிருந்து அவள் கையால் சாப்பிட்டவள். தெரியவில்லை.

1975 மார்கழியில் பாட்டி இறந்தாள். வீட்டில் மாட்டியிருக்கும் கல்யாணப் படங்கள் எதிலும் அவள் இல்லை. அந்தக் காலத்தில் கைம்பெண்கள் படத்துக்கு நின்றதில்லை. தாத்தாவின் பாகப் பத்திரத்தில் 'விதவைச் சகோதரி' என்று ஒரு வரி இருக்கிறது, பெயர் இல்லை. அன்று மத்தியானம் அவள் சொன்ன பெயர் காந்திமதி.