வியாழக்கிழமை மாலை: சூசன்னா வெஸ்லியும் தரங்கம்பாடிக் கடிதங்களும்

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் புளுட்சோவும் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் 1709இல் ஆங்கில நூலாக இலண்டனில் வெளிவந்தன. தமிழ் அச்சு வரலாற்றின் முன்கதையாகவே இக்கடிதங்களை நாம் வாசித்துப் பழகியிருக்கிறோம். அந்த டேனிஷ் மிஷனரிமாரைப் பற்றிய விவரம் இங்கிலாந்தின் இலிங்கன்ஷயரில், எப்வர்த் என்னும் சிற்றூரின் குருமனையில் ஒரு தாயை என்ன செய்தது என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

அத்தாய் சூசன்னா வெஸ்லி (1669–1742). பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று ஒன்பது பேரைச் சிசுப்பருவத்திலேயே இழந்தவர். கணவர் சாமுவேல் போதகர், கவிஞரும்கூட, கடனுக்காக 1705இல் சிறையிருந்தவர். 1709 பிப்ரவரியில் குருமனை தீக்கிரையானது. ஐந்து வயது ஜானை மாடிச் சாளரத்தின் வழியே அண்டை அயலார் இறக்கிக் காப்பாற்றினர். வீடு மீண்டும் எழும்வரை பிள்ளைகள் பல இல்லங்களில் சிதறி வாழ்ந்தனர். திரும்பி வந்தபோது அவர்கள் நாவில் நாட்டுப்புற உச்சரிப்பு ஒட்டிக்கொண்டிருந்ததாகச் சூசன்னா குறைபட்டிருக்கிறார். மொழியியலாளருக்கு இது இலிங்கன்ஷயர் வட்டார வழக்கைப் பற்றிய ஒரு வர்க்கச் சான்று. தாய்க்கோ திருத்தப்படவேண்டிய கேடு.

சாமுவேல் இலண்டனில் குருமார் பேரவைக்குச் சென்றிருந்த காலத்தில், அவருடைய படிப்பறையிலிருந்து மூத்த மகள் எமிலி அந்த மிஷனரி விவரத்தைக் கண்டெடுத்தாள். அதை வாசித்தபின் சில நாட்கள் தம்மால் வேறெதையும் நினைக்க முடியவில்லை என 1712 பிப்ரவரியில் சூசன்னா கணவருக்கு எழுதினார். தாம் ஆணல்லர், குருவுமல்லர். ஆயினும் இதுவரை செய்ததைவிட அதிகம் செய்ய இயலும் என்பதே அவர் கண்ட முடிவு. கடல் கடந்த பணிக்கு அவர் ஏங்கவில்லை. தம் பிள்ளைகளிடமிருந்தே தொடங்கினார். ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனித்து உரையாடல்: திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜான், வெள்ளி பாட்டி, சனி சார்லஸ், ஞாயிறு எமிலியும் சூக்கியும். பல பிள்ளைகளும் ஓயாத வறுமையும் உள்ள வீட்டில், ஒரு பிள்ளைக்கென மாலையில் தனி நேரம் ஒதுக்குவது எத்தகைய ஈகை என்பதை வீட்டுவேலை அறிந்தோர் உணர்வர்.

அவ்வீட்டின் பள்ளி நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் நடந்தது. பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்த மறுநாள் எழுத்துகள். ஒரே நாளில் அத்தனையும். மோலிக்கும் நான்சிக்கும் மட்டும் ஒன்றரை நாள் தேவைப்பட்டது. அதன்பின் அரிச்சுவடி ஏதுமின்றி ஆதியாகமத்தின் முதல் வசனத்திலிருந்தே எழுத்துக் கூட்டி வாசிப்பு. பிறர் வற்புறுத்தலால் ஒரு பிள்ளைக்கு மட்டும் முன்னதாகவே கற்பிக்கத் தொடங்கியதாகவும், மற்றவர்கள் மாதங்களில் கற்றதை அப்பிள்ளை கற்க ஆண்டுகள் பிடித்ததாகவும் அவரே குறிக்கிறார். பெண்பிள்ளை நன்கு வாசிக்கக் கற்கும்வரை தையல் முதலிய வேலைக்கு அமர்த்தலாகாது என்பது இன்னொரு விதி. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது சிறிய விதியன்று.

அதே குளிர்காலத்தில் பிள்ளைகளுக்கும் பணியாளருக்குமென அவர் நடத்திய ஞாயிறு மாலை ஜெபத்துக்கு அயலாரும் வரத் தொடங்கினர். ஒரு கட்டத்தில் இருநூறு பேருக்கு மேல். உதவிக்குரு புகார் எழுதினார்; கணவரும் தயங்கினார். நிறுத்துமாறு வெறுமனே விரும்பினால் போதாது, நியாயத்தீர்ப்பு நாளில் தம்மைக் குற்றத்திலிருந்து விடுவிக்கத்தக்க தெளிவான கட்டளையாக அனுப்பவேண்டும் என்று அவர் பதில் எழுதினார். வீட்டுக்குள் இருந்த பெண் என்பதால் அடங்கிய பெண் என்று அவரைக் கொள்வது பிழை.

இல்லத்தில் இருந்து பிள்ளை வளர்க்கும் கிறிஸ்தவத் தாய்மாரை ஊக்குவிக்க இன்றும் சூசன்னாவின் பெயர் எடுக்கப்படுகிறது. ஜானையும் சார்லஸையும், அதாவது மெதடிச இயக்கத்தையே, அவருடைய உழைப்பின் கூலியாகக் காட்டுவது வழக்கம். ஆனால் 1712இல் ஜானுக்கு எட்டு வயது, சார்லஸுக்கு நான்கு. எதிர்காலம் எதுவும் தாய்க்குத் தெரியாது. மகள்களுக்கும் அதே அளவில்தான் மாலைகள் பகிரப்பட்டன. அவர்களுள் ஹெட்டி நுண்ணிய கல்வியும் கவித்திறனும் உடையவர். 1725இல் ஒவ்வாத மணவாழ்வுக்குள் தள்ளப்பட்டு அத்துயரைக் கவிதைகளில் எழுதினார். புகழ்பெற்ற மகன்களைக் கொண்டு தாயை அளந்தால், ஹெட்டியோடு கழிந்த செவ்வாய்க்கிழமைகள் கணக்கில் வராமலே போகும். குழந்தையின் சுயவிருப்பத்தை முளையிலேயே அடக்கவேண்டும், ஒரு வயதிலேயே பிரம்புக்கு அஞ்சிச் சத்தமின்றி அழக் கற்பிக்கவேண்டும் என்ற அவருடைய கண்டிப்பை இன்று ஏற்கவியலாது. அதை மறைத்து அவரைப் போற்றுவதும் நேர்மையன்று.

தம் முறையை எழுதித் தருமாறு 1732இல் ஜான் கேட்டபோது சூசன்னா முதலில் தயங்கினார். உலகத்தை முற்றாகத் துறக்காமல் இம்முறையைக் கைக்கொள்ள இயலாது, வாழ்வின் சிறந்த இருபது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளின் ஆன்மாவுக்கெனத் தருவோர் அரியர் என்றார். இதில் பெருமிதமில்லை, தாம் கொடுத்த விலையை அறிந்தவரின் கணக்கு இருக்கிறது. ஜூலையில் விரிவாகவே எழுதிக் கொடுத்தார்.

அவ்வாண்டுதான், ஆக்ஸ்போர்டின் லிங்கன் கல்லூரியில் கற்பித்துவந்த இருபத்தெட்டு வயது ஜான், தாய்க்கு எழுதிய கடிதமொன்றில் ஒரு வேண்டுகோள் வைத்தார்: முன்பு வியாழக்கிழமை மாலையில் தமக்கு அளித்த அந்தச் சிறிது நேரத்தை இப்போதும் தமக்கென ஒதுக்க முடியுமா என்று.