செவிலியர் பணிக்கான தரப்படுத்திய கலைச்சொற்கள்

நோயாளியிடம் செவிலியர் காணும் சிக்கல், அதற்காக அவர் செய்யும் பணி, அதனால் விளைந்த பயன் ஆகிய மூன்றையும் எல்லா இடங்களிலும் ஒரே பெயரால் குறிக்க வகுக்கப்பட்ட சொற்தொகுதிகள் இவை. பதிவேடு எழுதுவதை எளிதாக்கும் அலுவலக ஏற்பாடு என்றே பலர் இவற்றைக் கருதுகின்றனர். வரலாற்றைப் பார்த்தால் அக்கருத்து போதாது. நோய்களுக்கும் அறுவைச் சிகிச்சைகளுக்கும் குறியீடுகள் ஏற்பட்ட பின்பும், இரவு பகலாக நோயாளியின் அருகில் இருப்பவரின் பணிக்குப் பதிவேட்டில் நிலையான பெயர் இல்லாதிருந்தது. அப்பெயரைப் பெற நடந்த முயற்சியே இத்தொகுதிகளின் வரலாறு.

தொடக்கத்தை எங்கே வைப்பது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 1860-ல் லண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டில், மருத்துவமனைகள் அனைத்தும் ஒரே முறையில் கணக்கு வைக்க வேண்டும் என்று ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் முன்வைத்த திட்டத்தை முதல் அடியாகக் கொள்வாரும் உண்டு. ஆனால் அத்திட்டம் நோயையும் இறப்பையும் எண்ணியதே தவிர, செவிலியர் பணியை எண்ணவில்லை. அடுத்த தொண்ணூறு ஆண்டுகளில் குறிப்பிடத்தக்கது அதிகம் இல்லை. 1953-ல் ஃப்ரை என்பவர் 'செவிலிய நோயறிதல்' என்ற தொடரைக் கையாண்டார். 1960-ல் ஃபே அப்தெல்லாவும் உடன் பணியாற்றியோரும் 21 செவிலியச் சிக்கல்களைப் பட்டியலிட்டனர்.

சான்றுகள் குவிந்து கிடப்பது 1970கள் முதலே. அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1955-ல் வகுத்த வரையறை, நோயறிதலையும் சிகிச்சை பரிந்துரைப்பதையும் செவிலியர் பணிக்கு வெளியே நிறுத்தியிருந்தது. 1972-ல் நியூயார்க் மாநிலச் சட்டம் வேறு வழி கண்டது. உடல்நலச் சிக்கலுக்கு மனிதர் காட்டும் எதிர்வினைகளைக் கண்டறிந்து கவனிப்பதும் செவிலியர் தொழிலே என்றது. மறு ஆண்டு செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் கெபி, மேரி ஆன் லாவின் இருவரும் செவிலிய நோயறிதல்களை வகைப்படுத்தும் முதல் தேசிய மாநாட்டைக் கூட்டினர். பதிவுகள் கணினிக்கு மாறத் தொடங்கிய காலம் அது. பெயர் இல்லாத பணிக்குக் கணினியில் இடம் இராது என்ற கவலையே தூண்டுதல் என்பர். வந்திருந்தவர்கள் தத்தம் அனுபவத்திலிருந்து பெயர்களைச் சொல்ல, அவை ஆங்கில அகரவரிசையில் அடுக்கப்பட்டன. கோட்பாடு ஏதும் இல்லாத வரிசை என்று பின்னர் குறை கூறப்பட்டது உண்மை. ஆயினும் வார்டில் புழங்கியவர்கள் சொன்ன பெயர்கள் என்பது அவற்றுக்குத் தனி வலிமை தந்தது. 1982-ல் இம்முயற்சி நாண்டா என்ற அமைப்பாக உருப்பெற்றது. முதல் தலைவர் மார்ஜரி கார்டன். சிக்கலின் பெயர், காரணம், கண்ட அறிகுறி என மூன்றையும் சேர்த்து எழுதும் முறை அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது.

அம்முறையின் பயனை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். பக்கவாதம் வந்தவரின் கேஸ் ஷீட்டில் மருத்துவர் எழுதுவது மூளை இரத்தக்குழாயின் அடைப்பைப் பற்றி. செவிலியர் எழுத வேண்டியது வேறு: தானாகப் புரள முடியவில்லை; வலப்பக்கம் செயலிழந்ததே காரணம்; வால் எலும்பின் மேல் தோல் சிவந்திருக்கிறது, விரலால் அழுத்தினாலும் வெளிறவில்லை. கடைசியாகச் சொன்னது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. 'நோயாளி தூங்கினார், தொந்தரவு இல்லை' என்ற இரவுக் குறிப்பைப் படித்துவிட்டுக் காலை ஷிஃப்டுக்கு வருபவருக்கு இது தெரிய வழியில்லை. 1987-ல் பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் வெளியிட்ட அளவுகோல் உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வு என ஆறு கூறுகளுக்கு மதிப்பெண் தருகிறது. மொத்தம் 6 முதல் 23 வரை. குறையக் குறைய ஆபத்து கூடும். நேற்று 16, இன்று 12 என்றால் யார் படித்தாலும் பொருள் ஒன்றே.

நெப்ராஸ்கா மாநிலத்தில், வீடு வீடாகச் சென்று பராமரிக்கும் செவிலியர் சங்கம் 1970களில் தொடங்கி வளர்த்த ஒமாஹா முறை இவற்றுள் தனித்து நிற்கிறது. அதில் இன்று 42 சிக்கல்கள் உள்ளன. வலி, தோல், பார்வை ஆகியவற்றோடு வருமானம், சுகாதார வசதி, குடியிருப்பு, துக்கம் ஆகியவையும் சம இடம் பெறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் நோயாளியின் அறிவு, நடத்தை, நிலை ஆகியவை 1 முதல் 5 வரை மதிப்பிடப்படும். கூரை ஒழுகும் வீட்டில் ஆறாத கால்புண்ணைப் பார்த்தவர்கள்தான் இப்படி ஒரு பட்டியலைச் செய்திருக்க முடியும். ஐயோவா பல்கலைக்கழகத்தில் ஜோஆன் மெக்லாஸ்கியும் குளோரியா புலெச்செக்கும் 1992-ல் வெளியிட்ட செவிலியச் செயல் வகைப்பாட்டின் முதல் பதிப்பில் 336 செயல்கள் இருந்தன. குழாய் செருகுவதும் மருந்து தருவதும் இருக்கும் இத்தொகுதியில், கூர்ந்து கேட்பதும் உடனிருப்பதும் செயல்களாகவே பதிவாகியுள்ளன. பயன்களுக்கான இணைத் தொகுதி 1997-ல் வந்தது.

எதிர்ப்பு தொடக்கம் முதலே உண்டு. நோயாளி தன் வாயால் சொன்னதை அச்சிட்ட தொடர் விழுங்கிவிடும் என்பது முதல் குற்றச்சாட்டு. அது புறந்தள்ளத்தக்கதல்ல. சிகிச்சைக்கு 'இணங்காமை' என்ற நாண்டா சொல், மருந்து வாங்கப் பணமில்லாதவரையும் குற்றவாளியாக்கியது, பின்னர் நீக்கப்பட்டது. உடலைச் சூழ்ந்த ஆற்றல் ஓட்டம் தடைப்படுவதைக் குறிப்பதாக அதே பட்டியலில் 1994-ல் ஏற்கப்பட்ட 'ஆற்றல் புலக் குலைவு' அறிவியல் சான்றற்றது என்று கண்டிக்கப்பட்டது. ஆனால் இவ்விரண்டும் தவறான பெயர்கள் என்று கண்டறிய முடிந்ததே அவை பொதுப் பட்டியலில், அனைவரும் விவாதிக்கும் இடத்தில் இருந்ததால்தான். தனித்தனிக் குறிப்பேடுகளில் எழுதப்படும் பழிச்சொற்களை யாரும் திருத்துவதில்லை. நோயாளியின் சொற்களை அதே பக்கத்தில் எழுதுவதற்கும் எந்தத் தொகுதியும் தடை விதிக்கவில்லை. நேரம் வீணாகிறது என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. மோசமாக வடிவமைத்த கணினித் திரைகளைப் பொறுத்தவரை இது சரியே. அந்தக் குறை சொல்லைச் சேர்ந்ததல்ல. மரியா முல்லர்-ஸ்டாபும் பிறரும் 2006-ல் வெளியிட்ட மீளாய்வு, நோயறிதல் சொற்களால் பதிவின் தரம் உயர்ந்ததாகக் கண்டது. செயின்ட் லூயிஸ் மாநாட்டைக் கூட்டிய லாவினும் அதன் ஆசிரியர்களுள் ஒருவர். நோயாளியின் நலன் எந்த அளவு கூடியது என்பதில் முடிவுகள் அத்தனை உறுதியாக இல்லை.

பன்னாட்டுச் செவிலியர் பேரவை 1989-ல் சியோலில் எடுத்த முடிவின்படி உலகப் பொது வகைப்பாடொன்று உருவாகத் தொடங்கியது. 1996-ல் ஆல்ஃபா, 1999-ல் பீட்டா, 2005-ல் முதல் பதிப்பு என அது வளர்ந்தது. 2008-ல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் வகைப்பாட்டுக் குடும்பத்தில் சேர்த்தது. 2021 முதல் அது ஸ்னோமெட் சி.டி. என்ற மருத்துவச் சொற்தொகுதிக்குள் வெளிவருகிறது. நாண்டா, ஐயோவா தொகுதிகளை மென்பொருளில் பயன்படுத்த உரிமம் பெற வேண்டும். ஒமாஹா முறை எவரும் கட்டணமின்றிக் கையாளக்கூடியது. இந்தியா 2014-ல் ஸ்னோமெட் அமைப்பில் உறுப்பினரானது; அதனால் இந்திய மருத்துவமனைகளும் ஸ்னோமெட் சொற்களை உரிமக் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தலாம்.