பாட்டி சொன்ன ஜன்னியும் சங்கிலிக் கிருமியும்

என் பாட்டியின் அக்கா தலைப்பிரசவம் முடிந்த ஏழாம் நாள் இறந்துபோனாராம். "ஜன்னி கண்டுடுச்சு" என்பார் பாட்டி. அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். நான் பி.காம். மாணவன், டெபிட் கிரெடிட் தவிர அதிகம் தெரியாது. இருந்தாலும் அந்த ஜன்னி என்னதான் என்று தேடிப் படித்தேன். டாக்டருக்குப் படிக்கும் நண்பர்கள் தவறு இருந்தால் திருத்தலாம்.

பிரசவ ஜன்னியின் முக்கியக் குற்றவாளி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. நுண்ணோக்கியில் மணி கோத்த சங்கிலி மாதிரி தெரியும். கிருமியைப் பார்ப்பதற்கு முன்பே அது பரவும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார் செம்மல்வைஸ். 1847-ல் வியன்னா மருத்துவமனையில், பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்த்தார்கள். அந்த வார்டில் தாய்மார்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் சாவு குறைவு! குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னதும் சாவு மளமளவென்று குறைந்தது. ஆனால் பெரிய டாக்டர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. 1879-ல் பாரிஸில் லூயி பாஸ்டர் அந்தச் சங்கிலியைக் கரும்பலகையில் வரைந்தே காட்டினார். மருந்து வர 1935 ஆகிவிட்டது: பிரான்டோசில் என்ற சல்ஃபா மருந்து. பிறகு பெனிசிலின்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஓர் இரவு. மிஷன் டாக்டர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடாவிடம் மூன்று பேர் அடுத்தடுத்து வந்தார்கள். மூவரின் மனைவியும் பிரசவத்தில் தவித்தார்கள். ஆண் டாக்டர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்றார்கள். ஐடா அப்போது டாக்டர் இல்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அது ஜன்னி அல்ல, பிரசவச் சிக்கல். ஆனால் பெண் டாக்டர் இல்லாத ஊரில் இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான். ஐடா அமெரிக்கா போய் 1899-ல் டாக்டராகி, 1900-ல் வேலூரில் சிறிய மருந்தகம் தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்று டீ குடிக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதே வேலூரில் 1961-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவை சிகிச்சை நடந்தது. இதயத்துக்கும் நம் சங்கிலிக் கிருமிக்கும் பழைய பகை உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொண்டைவலி வரும், தானாகப் போய்விடும். இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு வீங்கும், காய்ச்சல் அடிக்கும். கிருமியை எதிர்க்க உடல் தயாரித்த படை ஆள் தெரியாமல் இதய வால்வையே தாக்குகிறது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். வால்வு கெட்டுவிட்டால் மாற்ற வேண்டியதுதான். வெளிநாட்டு வால்வு விலை கட்டுப்படியாகாது என்பதால் திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழு சொந்தமாக ஒன்றை உருவாக்கியது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள்.

இந்தக் குடும்பம் மாட்டையும் விடாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்பது பசுவுக்கு மடிநோய் தரும் வகை. பெயரின் பொருளே பால் இல்லாமை. எங்கள் வீட்டுப் பசுவுக்கு ஒருமுறை மடி கல்லாக இறுகி, பால் திரிதிரியாக வந்தது. எந்தக் கிருமி என்று யாரும் பரிசோதிக்கவில்லை, ஒரு காம்பு மட்டும் போயே போய்விட்டது. பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் நஞ்சேற்றுவதும் இந்த இனம்தான். 1933-ல் ரெபேக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற பெண் விஞ்ஞானி இவற்றை ஏ, பி என்று பிரித்த பிறகுதான் குழப்பம் தீர்ந்தது. தொண்டைக்கும் ஜன்னிக்கும் ஏ, மடிக்கு பி.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். எட்டாவது படிக்கும்போது முழங்கால் வீங்கியது, வளர்ச்சி வலி என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். இப்போது வால்வு சுருங்கியிருக்கிறது. மறுபடி தொண்டையில் கிருமி தொற்றினால் வால்வு இன்னும் கெடும் என்பதால் இருபத்தொரு நாளைக்கு ஒரு பெனிசிலின் ஊசி. ஆபரேஷன் செலவோடு ஒப்பிட்டால் ஊசியின் விலை ஒன்றுமே இல்லை, என் கணக்குப் புத்தி அதைத்தான் முதலில் பார்த்தது. அக்காவுக்கோ ஊசி என்றாலே பயம், இடுப்பு இரண்டு நாள் வலிக்குமாம். அடுத்த ஊசி வரும் வெள்ளிக்கிழமை. துணைக்கு நான்தான் போகிறேன்.