கொரிந்துவின் பந்தி

பத்திரிகையில் வாசகர் கடிதங்களைத் தொகுத்த நாட்களில் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். மறுமொழி மட்டும் எஞ்சிக் கேள்வி மறக்கப்பட்டால் பொருள் பிறழ்ந்துவிடும். பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வருகின்றது.

கி.மு. 146இல் உரோமரால் அழிக்கப்பட்ட கொரிந்து, கி.மு. 44இல் யூலியஸ் சீசரின் ஆணையால் மீண்டும் எழுந்த வணிக நகரம். அங்கு வசதி படைத்தோரும் அடிமைகளும் ஒரே சபையினராயிருந்தனர். தேவாலயக் கட்டடங்கள் இல்லாத காலமாகையால் வீடுகளிலேயே கூடி உண்டனர்.

கி.பி. 55ஐ அண்டி எபேசுவிலிருந்து எழுதப்பட்ட இக்கடிதத்தின் 11ஆம் அதிகாரம் அப்பந்தியின் நிலையைக் காட்டுகின்றது. சிலர் முந்தி உண்டு மதுமயக்கத்திலிருக்க, இல்லாதவர் பசித்திருந்தனர். தகுதியின்றித் திருவிருந்தில் பங்குகொள்ளலாகாது என்ற எச்சரிக்கை இதனைத் தொடர்ந்தே வருகின்றது.

பிற்காலத்தில் அவ்வெச்சரிக்கை தனிமனிதரின் அந்தரங்கப் பாவத்தைக் குறித்ததாகவே பெரிதும் விளங்கிக்கொள்ளப்பட்டது. பவுல் கடிந்துகொண்டதோ இல்லாதவரை வெட்கப்படுத்தியவர்களை. அவர் கூறிய தீர்வும் எளியது: உண்ணக் கூடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

தமிழ்ச் சபைகளுக்கும் இச்சோதனை வந்தது. திருவிருந்திலும் சாதி பார்க்கும் வழக்கம் தென்னிந்தியச் சபைகளில் நிலவியபோது, அதனைக் கைவிடுமாறு 1833இல் கல்கத்தா ஆயர் டானியல் வில்சன் பணித்தார். தஞ்சாவூரில் பலர் எதிர்த்தனர். அவர்களிடமும் இதே கடிதம் இருந்தது. தம் பந்தியில் பசித்திருப்பவர் யார் என்ற கேள்வியோடு அவர்கள் அதனைப் படிக்கவில்லை என்றே எண்ணுகின்றேன்.