ஹேர்மஸ் கப்பல் எவருடைய சொத்து?

மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், கரையிலிருந்து சுமார் 9 கிலோமீற்றர் தொலைவில், 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் ஹேர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் அதனை மூழ்கடித்தபோது 307 பேர் மாண்டனர். இன்று பொழுதுபோக்குச் சுழியோடிகள் அதனைக் காண வருகின்றனர். அவர்களுள் ஒருவர் அங்கிருந்து ஒரு பித்தளைத் துண்டை எடுத்துச் சென்றால், அது அவருக்குச் சொந்தமாகுமா?

இராணுவம் கழித்துவிட்ட ஜீப் வண்டியை ஏலத்தில் எடுத்தவர் அதன் உரிமையாளராவார். விற்ற அரசு தன் உரிமையை அறிந்தே கைவிடுகிறது. மூழ்கிய போர்க்கப்பல் அத்தகையதன்று. அதற்குரிய அரசு வெளிப்படையாகக் கைவிடாதவரை அது அவ்வரசின் உடைமையே என்பது பிரித்தானியா உள்ளிட்ட பல நாடுகளின் நிலைப்பாடு. காலம் கடந்ததால் மட்டும் உரிமை அற்றுப்போவதில்லை.

ஆயினும் ஹேர்மஸ் கிடப்பது இலங்கையின் 12 கடல்மைல் எல்லைக்குள். நீருக்கடியிலான மரபுரிமை பற்றிய யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கையோ, 100 ஆண்டுகள் நீரில் கிடந்தவற்றையே கருத்திற் கொள்கிறது. ஹேர்மஸ் அவ்வயதை எட்டுவது 2042இல். அதுவரை காவற்பொறுப்பு நம்முடையது.

1942இல் யாவாக் கடலில் மூழ்கிய இரு டச்சுப் போர்க்கப்பல்கள் முற்றாக மறைந்துவிட்டமை 2016இல் தெரியவந்தது. அந்நிலை இங்கு நேர்ந்தால், மாண்டோரின் கல்லறையும் நம் படகோட்டிகளின் வருவாயும் ஒருங்கே அழியும். ஆர்வலருக்குப் பார்க்கும் உரிமை உண்டு. பெயர்த்தெடுக்கும் உரிமை இல்லை. இவ்வேறுபாட்டை அரசு தெளிவான விதியாக்க வேண்டும் என்பதே நமது கருத்து.